தொண்ணூறில் நிற்கும் லோரி: மூன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அதே வட்டாரத்து மில்லில் செம்பனை எண்ணெய் ஏற்றி, பிறைக்கும் கிள்ளானுக்கும் டேங்கர் ஓட்டுகிறேன். இப்போது ஓட்டும் வண்டி 2022 நடுவில் கைக்கு வந்தது. வேகத்தைக் கட்டிப்போடும் எஸ்எல்டி கருவி அதில் மணிக்கு 90 கிலோமீட்டரில் பூட்டியிருந்தது. முதலாளி அதோடு ஒரு கண்காணிப்புப் பெட்டியும் இரண்டு கேமராவும் மாட்டிவிட்டார். ஒரு கேமரா சாலையைப் பார்க்கும், இன்னொன்று என் முகத்தைப் பார்க்கும். இவற்றோடு மூன்றரை ஆண்டு ஓட்டியதில் கண்டதை எழுதுகிறேன்.

இதற்கு முன் ஓட்டிய லோரியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அதிலும் எஸ்எல்டி இருந்தது, ஆனால் வந்த ஒரு வருடத்திலேயே அதை அவிழ்த்துவிட்டோம். அப்போது வேறு கம்பெனி, ட்ரிப் காசு மட்டும்தான் சம்பளம். பட்டறையில் ஒருவர் லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். "அண்ணே, இனிமே வண்டி பறக்கும்" என்றார். உண்மையில் பறந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். அதை இன்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கியர்பெட்டியின் வெளித்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று ஒரு சென்சார் எண்ணும். டயரின் சுற்றளவை வைத்து என்ஜின் கம்ப்யூட்டர் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும். 90 தொட்டதும் டீசலைக் குறைத்துவிடும், நாம் எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. இதை ஏமாற்ற நினைப்பவர்கள் வரம்பையே அழித்து எழுதுவார்கள், அல்லது சென்சார் அனுப்பும் கணக்கைக் குறைத்துக் காட்டுவார்கள். இரண்டாவது வழியின் கேடு பலருக்குத் தெரிவதில்லை. வேகத்தைக் குறைத்துக் காட்டினால் ஓடிய கிலோமீட்டரும் குறைந்துதான் பதிவாகும். என்ஜின் எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிப் போகும், பிரேக் பார்க்க வேண்டிய நேரமும் தாண்டிப் போகும். என்னோடு ஓட்டிய ஒருவரின் வண்டி இப்படித்தான் உள்ளே தேய்ந்துகொண்டே போனது. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று கடைசி வரை நம்பினார். ஆட்டோ கியர் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம், எந்த வேகத்தில் போகிறோம் என்று கியர்பெட்டிக்கே தெரியாது.

சரி, இப்போதைய வண்டிக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் நரகமாக இருந்தது. காலை அழுத்தியே பழகியவனுக்கு, மிதித்தும் போகாத வண்டி கழுத்தில் கயிறு கட்டியது போல. முன்னால் 88-இல் ஒரு லோரி போகும், என் வண்டி 90. தாண்டலாம் என்று வலப்பக்கம் எடுப்பேன். வித்தியாசம் மணிக்கு இரண்டே கிலோமீட்டர். அவன் வால் தொடங்கி தலை தாண்டி, திரும்ப இடப்பக்கம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பின்னால் கார்கள் வரிசையாக லைட் அடிக்கும். அப்புறம் தாண்டுவதையே விட்டுவிட்டேன். முன்னால் போகிறவனை விட்டு நாலு வண்டி தூரம் பின்னால் நின்றால் மனமும் அடங்கிவிடுகிறது. இதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

டயர் விஷயம் ஒன்று. புது டயர் போட்டதும் பெட்டியின் ஜிபிஎஸ்ஸும் மீட்டரும் 90 என்று ஒன்றாகக் காட்டின. டயர் தேயத் தேய ஜிபிஎஸ் 88-க்கு இறங்கியது. தேய்ந்த டயர் சின்னது, அதே சுற்றுக்குக் குறைவான தூரம்தான் போகும். அதனால், "வண்டி இழுக்கவில்லை, கருவி கெட்டுவிட்டது" என்று பட்டறைக்கு ஓடுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். இதே கணக்குதான் திருட்டையும் காட்டிக்கொடுக்கும். ஜிபிஎஸ் 108 என்று சொல்லும்போது மீட்டர் 88 என்று சொன்னால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

எஸ்எல்டி இறக்கத்தில் காப்பாற்றாது. அந்தக் கருவியால் டீசலைத்தான் நிறுத்த முடியும், பாரத்தை நிறுத்த முடியாது. வடக்கே பிறைக்குப் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டிக் குவாலா கங்சார் பக்கம் இறங்கும்போது, எண்ணெய் நிறைந்த டேங்கர் தன் எடையாலேயே வேகமெடுக்கும். மேலே இருக்கும்போதே கியரைக் குறைத்து என்ஜின் பிரேக் போட வேண்டும். கருவி இருக்கிறது என்று ஃப்ரீ கியரில் விட்டவனை யாராலும் காப்பாற்ற முடியாது. முழுதாக நிரம்பாத டேங்காக இருந்தால் எண்ணெய் உள்ளே அலையாக எழுந்து, பிரேக் போட்ட பிறகும் பின்னாலிருந்து ஒரு முறை தள்ளும். பயமறியாத வயதில் இதை 110-இல் அனுபவித்திருக்கிறேன். 90-க்கும் 110-க்கும் வித்தியாசம் வெறும் இருபது என்று தோன்றும். ஆனால் நிறுத்த வேண்டிய வேகத்தின் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. அத்தனையையும் அதே பிரேக்தான் தாங்க வேண்டும்.

அந்த இறக்கத்தில்தான் பெட்டி என்னை ஒரு முறை மாட்டிவிட்டது. 94 என்று பதிவாகி, முதலாளியின் போனில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. "என்னப்பா, நீயும் அவுத்துட்டியா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் கடையில் உட்கார்ந்து அந்த நிமிடத்தின் பதிவை முழுதாகத் திறக்கச் சொன்னேன். ஆக்சிலரேட்டர் பூஜ்யம், என்ஜின் பிரேக் ஓடிக்கொண்டிருக்கிறது, பிரேக் மிதித்தது, பன்னிரண்டு நொடியில் 90-க்குக் கீழே. எல்லாம் வரிசையாக இருந்தது. மேலேயே ஒரு கியர் முன்னதாகக் குறைத்திருக்கலாம் என்பதும் அதில் தெரிந்தது, அதை ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்துப் பேசுவதில்லை. இந்தப் பெட்டியை வாங்கும் முதலாளிகள் எல்லாரும் வேகத்தோடு சேர்த்து மிதியையும் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்துச் சம்பளம் வெட்டினால் நல்ல டிரைவர் போய்விடுவான்.

முகத்தைப் பார்க்கும் கேமரா எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வலது கண்ணாடியைக் கொஞ்சம் நேரம் பார்த்தால் தூங்குகிறேன் என்று கத்தும். கறுப்புக் கண்ணாடி போட்டாலும் கத்தும். எண்ணெய் இறக்க ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது பின்சீட்டில் படுப்பேன், அப்போதும் அது விழித்திருந்தது. என்ஜின் நின்றதும் அதை மூடிவைக்க முதலாளி சம்மதித்தார். ஒரு மனுஷன் தூங்குவதைப் படம் பிடிப்பது சரியில்லை. ஆனால் ஓட்டும்போது விடியற்காலை நாலு மணிக்கு அது என்னை இரண்டு முறை எழுப்பியிருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். ஏன் அவிழ்க்கிறோம்? நேரத்துக்காக. நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 90-இல் போனால் 80 நிமிடம், 110-இல் போனால் ஏறக்குறைய 65 நிமிடம். உயிரைக் கையில் பிடித்து மிச்சம் பிடிப்பது கால் மணி நேரம். இரண்டாவது வருடம் முதலாளியும் நானும் ஒரு மாதப் பதிவை உட்கார்ந்து பார்த்தோம். எண்ணெய் இறக்கும் ஆலையின் வாசலில் என் வண்டி நின்ற நேரம் ஒரு நாள் மூன்று மணி, ஒரு நாள் நாலரை மணி. மில்லில் ஏற்றுவதற்கு முன்னால் காத்திருந்தது தனி. இத்தனை வருடமாக நான் கால் மணி நேரத்துக்காகச் சாலையில் அடித்துக்கொண்டு ஓடி, அங்கே போய் நாலு மணி நேரம் படுத்திருக்கிறேன். அந்தப் பதிவைப் பார்த்த பிறகு முதலாளி ஏற்றும் நேரத்தை மாற்றினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு ஒரு தொகை என்று சேர்த்தார். பெரிய தொகை இல்லை. ஆனால் அது வந்த மாதத்திலிருந்து எங்கள் நாலு டிரைவர்களில் யாரும் எஸ்எல்டியை அவிழ்ப்பதைப் பற்றிப் பேசவில்லை.

டீசல் மிச்சம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு. பிறைக்குப் போய் வந்தால் ஊசி பழைய வண்டியைவிட மேலேயே நிற்கிறது. பிரேக்கும் அதிக நாள் வருகிறது.

2025 எங்கள் மாநிலத்தையே உலுக்கிவிட்டது. மே 13-ஆம் தேதி தெலுக் இந்தான் பக்கத்துச் சிக்குஸ் சாலையில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி கெரிக் பக்கம் பேருந்து கவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் அக்டோபர் 1 முதல் எஸ்எல்டி கட்டங்கட்டமாகக் கட்டாயமானது. நல்லதுதான், தாமதமாக வந்தது. ஆனால் சிக்குஸ் போன்ற சாலையில் 90 என்ற பூட்டு எதையும் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்து ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர், விளக்கில்லாத மோட்டார் சைக்கிள். அங்கே 60-ஏ அதிகம். அதைக் கருவி பார்க்காது, மிதிக்கும் கால்தான் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகன் வேறொரு கம்பெனியில் லோரி ஓட்டுகிறான். அவன் வண்டியில் கருவி அவிழ்ந்துதான் கிடந்தது. பட்டறையில் திரும்பப் பூட்டிச் சோதித்து வாங்கியதாகப் போன வாரம் போன் செய்தான்.

"ரொம்ப நல்லது" என்றேன்.

"நல்லதுதான் மாமா. ட்ரிப் காசு மட்டும் அதே காசுதான். மாசத்துக்கு எத்தனை ட்ரிப்புன்னு கேக்குறதும் அதே கணக்குதான்."

அவனுடைய காத்திருக்கும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் ஆகட்டும், அவன் முதலாளியைப் பார்க்க நானும் கூடப் போகிறேன்.