சும்மா கிடக்கும் பிரின்டர்: இங்க் டேங்கா, லேசரா?

மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவதும் பத்தாவதுமாக முப்பது பிள்ளைகள். ஜூனில் தொடங்கி மார்ச் வரை வாரத்துக்கு இரண்டு வினாத்தாள், இடையிடையே பாடக் குறிப்பு. பொதுத்தேர்வு முடிந்ததும் பிரின்டரைத் துணி போட்டு மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவோம். முதலில் இங்க் டேங்க் (பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் பிரின்டர்) வாங்கியபோது இந்தக் கடைசி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

வாங்கிய காரணம் எல்லோரும் சொல்வதுதான். மை மலிவு, ஒரு கறுப்பு பாட்டிலில் 4,000 பக்கத்துக்கு மேல் வரும், கலரும் உண்டு. அதே பணத்துக்கு லேசரில் கறுப்பு மட்டும்தான் கிடைக்கும். இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். வேலையில்லாத நாட்களில் பிரின்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த ஜூனில் துணியை எடுத்துவிட்டு நாசில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) போட்டுப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக வர வேண்டும். கறுப்பில் பாதிப் படிகளைக் காணோம், நீலத்தில் நடுவில் ஓட்டை. மூன்று முறை ஹெட் கிளீனிங் (அந்தத் துளைகள் இருக்கும் பாகத்தைப் பிரின்டரே சுத்தம் செய்வது) கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் டேங்கில் மை இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. கிளீனிங் என்றால் உள்ளே இருக்கும் சின்ன பம்ப் நாசில் வழியாக மையை இழுத்து, அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டுவதுதான். அந்தப் பஞ்சு நிரம்பினால் அது தனிச் செலவு. கடைசியில் ஹெட்டைக் கழற்றிக் கழுவ 1,400 ரூபாய் ஆயிற்று. சர்வீஸுக்கு வந்த தம்பி நல்ல மனசோடு சொன்னார்: “டீச்சர், வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுத்துக்கிட்டே இருங்க, காயாது.” சரியான யோசனைதான். ஆனால் ஏப்ரலிலும் மேயிலும் வீட்டில் ஆளே இல்லையே.

அந்தப் பிரின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. மையில் பெரும்பங்கு தண்ணீர். தலைமுடியைவிட மெல்லிய துளையில் அது நிற்கிறது. சில கம்பெனிகளின் ஹெட்டில் மின்சாரம் பட்டதும் ஒரு படிகம் நெளிந்து மையைத் தள்ளும். சிலவற்றில் குட்டி ஹீட்டர் ஒரு குமிழியைக் கிளப்பித் தள்ளும். எப்படித் தள்ளினாலும், தாளில் விழுந்தவுடன் காய வேண்டிய மை துளைக்குள் மட்டும் காயாமல் இருக்க வேண்டும். இரண்டு மாத வெயிலில் அது நடக்காது.

லேசரில் காய்வதற்கு ஈரமே இல்லை. 1938-இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, வெளிச்சம் காட்டி, பொடி தூவி எழுத்தை எடுத்தார். அந்த முறைக்குப் பின்னால் வைத்த ‘ஜெரோகிராஃபி’ என்ற கிரேக்கப் பெயருக்கே ‘உலர் எழுத்து’ என்றுதான் பொருள். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையின் பெயர் அதிலிருந்து வந்தது. லேசர் பிரின்டரும் அதே வழிதான். மின்னேற்றிய டிரம்மில் (சுழலும் உருளையில்) லேசர் ஒளி எழுத்தை வரைகிறது, அந்த இடத்தில் டோனர் பொடி ஒட்டுகிறது, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. பியூசர் உருளை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அதை உருக்கிப் பதிக்கிறது. டோனர் என்பது நிறம் சேர்த்த பிளாஸ்டிக் பொடி. இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் அது பொடிதான்.

லேசருக்கு மாறிய பிறகு ஒரு கோடை விடுமுறை போய்விட்டது. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டதும் முதல் தாளே முழுசாக, சூடாக வந்தது. தண்ணீர் சொட்டினாலும் எழுத்து கரையவில்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் கையில் இது பெரிய விஷயம்.

லேசருக்கும் தொந்தரவு உண்டு. பியூசர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டரின் சின்ன யுபிஎஸ்ஸில் செருகினால் அது கத்திக்கொண்டு அணைந்துவிடும். சுவர் பிளக்கில் நேராகத்தான் செருக வேண்டும். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். இங்க் டேங்க் அந்த யுபிஎஸ்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தது, அந்த வசதி போனதில் எனக்கு வருத்தம்தான். மழைக்காலத்தில் தாள் நமுத்துச் சிக்குகிறது. டோனர் துணியில் கொட்டினால் முதலில் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

லேசரில் செலவு குறைவதும் கூடுவதும் காலியான காட்ரிட்ஜில் (டோனர் பெட்டியில்) மறுபடி பொடி நிரப்பும் ரீஃபிலைப் பொறுத்தது. ஒரிஜினல் காட்ரிட்ஜ் விலைக்குப் பக்கக் கணக்குப் போட்டால் இங்க் டேங்க்தான் ஜெயிக்கும். எச்பி லேசர்ஜெட் 1020 இத்தனை வருடம் கழித்தும் கடைகளில் ஓடுகிறது என்றால், அதன் 12ஏ காட்ரிட்ஜில் யார் வேண்டுமானாலும் பொடி நிரப்பலாம் என்பது முக்கியக் காரணம். இப்போது வரும் பல மாடல்களின் காட்ரிட்ஜில் சிப் வைத்துவிடுகிறார்கள், அதனால் ரீஃபில் செய்வது அவ்வளவு எளிதில்லை. மாடலை முடிவு செய்யும் முன்பே உங்கள் ஊர் ரீஃபில் கடையில் கேட்டுவிடுங்கள். என்னுடையதில் இரண்டு முறை நிரப்பியாயிற்று. இரண்டாவது தடவை தாளெங்கும் லேசாகச் சாம்பல் பூத்தது. பொடியை மாற்றச் சொன்னதும் சரியாகிவிட்டது. டிரம்மை இன்னும் மாற்ற நேரவில்லை, அதனால் அந்தச் செலவு என் கணக்கில் சேரவில்லை.

வீட்டில் வாரம் தவறாமல் கலர் எடுப்பவர்கள் இங்க் டேங்கே வாங்கலாம், அவர்களுக்கு மை காய நேரமே இருக்காது. எனக்குக் கலர் வேண்டியது புவியியல் வரைபடத்துக்கு மட்டும்தான். வருடத்துக்கு முப்பது பக்கம்; அதைக் கடையில் எடுத்துக்கொள்கிறேன்.