பாம்பன் காற்றில் அடாஸ்: எதை வண்டியிடம் விடலாம், எதை விடக்கூடாது

லெவல் 2 அடாஸ் (ஓட்டுநர் கண்காணிக்க, ஸ்டீயரிங், வேகம் இரண்டிலும் வண்டியே கைகொடுக்கும் உதவி வசதிகள்) உள்ள எஸ்யூவிகளை மதுரை–தனுஷ்கோடி சாலையில் வைத்து எடைபோட்ட மதிப்புரை இது. ஊருக்குள் தானாகப் பிரேக் போடும் வசதி, கொடுத்த காசுக்குத் தகும். பரமக்குடி வரையிலான நான்கு வழிச் சாலையில், முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் அருமை. வண்டியைத் தடக் கோட்டுக்குள் வைத்திருக்க ஸ்டீயரிங்கைத் திருப்பும் லேன் அசிஸ்ட்டை மட்டும், பாம்பன் பாலத்துக்கு முன் வரும் மண்டபம் ஊரிலேயே அணைத்துவிடுங்கள்.

காரணம் பாம்பன் சாலைப் பாலத்தில் கைக்கே தெரியும். கடல் காற்று குறுக்கே அடிக்கும். எதிரே வரும் பேருந்து ஒரு கணம் காற்றை மறைக்கும், கடந்ததும் மறுபடி மோதும். ஓட்டுபவர் அதற்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருப்பார். கேமரா கோட்டைப் பார்த்து லேன் அசிஸ்ட்டின் ஸ்டீயரிங் மோட்டாரும் அதே பக்கம் திருப்ப, வண்டி ஒரு முழம் கூடுதலாக நகரும். இதைவிட மோசம், கடல் பார்க்க ஓரத்தில் நிறுத்திய வண்டிகளை விலக்கிப் போகும்போது. நடுக்கோட்டைத் தொட்டதும் ஸ்டீயரிங் இடப்பக்கம், நிற்கும் வண்டியை நோக்கியே இழுக்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் அந்த இழுப்பு விட்டுவிடும். கையை இறுக்கிப் பிடித்தும் மீறலாம்; மனிதக் கை வெல்லும் அளவுக்குத்தான் மோட்டாரின் விசையை வைத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடிக்கு முன் வரும் முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் மணல் ஏறிக் கோடு மறையும். பல மாடல்களில் லேன் அசிஸ்ட் அப்போது சத்தமே இல்லாமல் விலகும். பச்சைச் சின்னம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். குரூஸோ வேகத்தை விடாமல் பிடித்திருக்கும். பாதி வண்டியிடமும் பாதி நம்மிடமும் இருக்கும் இந்த நிலைதான் ஆபத்து. ஓட்டுநர் கையை எடுத்தால் 15 விநாடிக்குள் எச்சரிக்கச் சொல்கிறது வண்டிகளின் ஸ்டீயரிங்குக்கான ஐநா விதி 79. வண்டி தன் கையை எடுக்கும்போதும் உரக்கச் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர்கள் இதைச் சரிசெய்தே தீர வேண்டும்.

குரூஸில் முன் வண்டியுடனான இடைவெளியை எப்போதும் மிக அதிக அளவில் வையுங்கள். சீமைக்கருவேல விறகு ஏற்றிய டிராக்டர் முன்னால் போனால், பம்பர் உயரத்திலுள்ள ரேடார் டிரெய்லரின் இரும்பைத்தான் பார்க்கும்; பின்னால் சில அடி நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள் அதன் கணக்கில் வராது. ஆடுகளையும் நம்பி விடாதீர்கள். வண்டி, ஆள், சைக்கிள் ஆகியவற்றை அடையாளம் காணப் பழக்கிய கேமரா அது.

பராமரிப்பில் முதல் எதிரி உப்பு. கண்ணாடியில் படிந்த உப்பின் மேல் காலை வெயில் நேராக விழுந்தால், ராமேஸ்வரம் நோக்கிப் போகும் வண்டியின் கேமரா கண்கூசி நின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி, பிறகு ஈரத்துணி. கோயிலுக்குப் போகும்போது கிரில்லில் கட்டும் ஈரமான பூமாலை ரேடார் அலையை உறிஞ்சும். மாலையை பானட்டின் மேல் போடுங்கள். சந்தனம் குங்குமத்தைக் கேமராவுக்கு எதிரே வைக்காதீர்கள்.

முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் காலிபரேட் செய்ததற்கான (கோணத்தைச் சரிபார்த்து அமைத்ததற்கான) அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கோணம் 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 1.75 மீட்டர் பிசகும். தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான்.