மது அளவு காட்டும் ஊதுகருவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை ஞாயிறு மாலையில் வரும் என் மைத்துனர், மொட்டை மாடியில் அமர்ந்து குடித்துவிட்டு இரவோடு இரவாக பைக்கில் ஆம்பூர் திரும்புவார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவர் போவதை நினைத்து என் மனைவி விடிய விடிய விழித்திருப்பாள். அதற்காகவே இந்தக் கையடக்கக் கருவியை 2,400 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன்.

ஐந்து விநாடி விடாமல் ஊதினால், இரத்தத்தில் மது எவ்வளவு என்று மதிப்பிட்ட எண் திரையில் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். கருவியில் அது 0.03. கடைசி மடக்குக்குப் பிறகு பதினைந்து நிமிடம் பொறுத்தே ஊத வேண்டும், இல்லையென்றால் வாயில் தங்கிய மதுவையும் சேர்த்து அளந்துவிடும். முதல் நாள் ஒரே மடக்குக்கு 0.20 காட்டி எங்களைப் பதற வைத்தது; அந்த எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இது செமிகண்டக்டர் உணரி கொண்ட மலிவு வகை என்பதால் நாளடைவில் அளவு விலகும். சரிசெய்து தரச் சொல்லி மூன்று முறை எழுதியும் விற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. புதிதாக வாங்குபவர்கள், விலை கூடினாலும், மது வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கும் பியூயல் செல் வகையையே வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கருவியால் நான் உண்மையில் கற்றுக்கொண்டது வேறு. சென்ற மாதம் இரவு எட்டு மணிக்கு அவர் ஊதியபோது 0.05. அப்போது என் தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். என் மகளின் தட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பிரியாணியும் கத்தரிக்காயும் அள்ளி வைத்தார். ஒன்பது மணிக்கு 0.09. பதினொன்றே முக்காலுக்கு மறுபடியும் அதே 0.05. இப்போது தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எங்கப்பாவ கடைசியா பார்க்காம வுட்டுட்டேன் மாமா" என்று நான்காவது முறையாகச் சொல்லி அழுதார். எண் ஒன்று, மனிதர் இருவர்.

இதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் மது ஏறும்போது உற்சாகமும், இறங்கும்போது சோர்வும் மேலோங்குகின்றன. உடலோ மணிக்குச் சுமார் 0.015 என்ற வேகத்தில்தான் அதை வெளியேற்றுகிறது. மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலை கூடி, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் தூண்டும் வேலை குறைவதால் யோசித்து நிதானிக்கும் திறன் தளர்கிறது. குடித்தவரின் கவனம் குறுகி, கண்ணெதிரே இருப்பது மட்டுமே பெரிதாகிவிடுகிறது என்று 1990இல் உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்சும் விளக்கினார்கள். எட்டு மணிக்கு அவர் எதிரே நாங்கள் இருந்தோம். எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு, அவர் எதிரே அப்பாவின் சாவு மட்டுமே இருந்தது. எனக்கு இதுவே மிகப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது; அதனால்தான் இப்போதெல்லாம் அவரைத் தனியாக மாடியில் விடுவதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டில் மூடியைத் திருகும் சத்தத்திலேயே அவர் குரல் உயர்ந்துவிடும். அப்போது கருவி காட்டுவது 0.00. 1973இல் உளவியலாளர் ஆலன் மார்லட்டும் சகாக்களும் செய்த சோதனையில், டானிக் நீர் என்ற மது கலக்காத கசப்புச் சோடாவையே மது என்று நம்பியவர்கள் கூடுதலாகக் குடித்தார்கள். குடித்தால் இப்படித்தான் இருப்போம் என்ற எதிர்பார்ப்பும் போதையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது. அதை அளக்க இந்தக் கருவியால் முடியாது.

சாவியை வாங்கி வைக்க இது உதவுகிறது. "நான் நிதானமாதான் இருக்கேன்" என்பவரோடு வாதாடுவதைவிட, திரையைக் காட்டுவது எளிது. அந்த இரவு அவர் எங்கள் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். காலை ஏழு மணிக்கு 0.00. இட்லி சாப்பிட்டார், சாவியை வாங்கிக்கொண்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.