படிக்கட்டு அரங்கா, நகர்த்தும் நாற்காலிகளா?

கல்லூரிக் கட்டடத்தின் நுழைவுக்கூடத்தில் மாணவர்கள் உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்றால், இன்று பல வரைபடங்களிலும் வருவது அகலமான படிக்கட்டு அரங்கு. இன்னொரு வழி, சமதளத் தரையும் நகர்த்தக்கூடிய நாற்காலிகளும். நான் இரண்டாவதன் பக்கம்.

படிக்கட்டு உடையாது, தொலையாது. விழா நாளில் நூறு பேர் சட்டென்று உட்கார்ந்துவிடலாம், எல்லோருக்கும் மேடை தெரியும். அதுவரை சரி.

ஒரு கல்லூரியில் பார்த்தேன். நான்காவது படியில் தோழிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, சக்கர நாற்காலியில் வந்த பெண் கீழே தரையிலேயே இருந்து, கழுத்தை அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தாள். மேலே சிரிப்பு எழும்போதெல்லாம் "என்ன, என்ன?" என்று கேட்டாள். சாய்தளம் போட்டால் தீராதா? உட்காரும் படி ஒன்று 45 செ.மீ. என்றால் ஆறு படிக்கு 2.7 மீட்டர் உயரம். 1:12 சரிவில், அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் என்ற கணக்கில், அதற்கு 32 மீட்டருக்கு மேல் சாய்தளம் ஓட வேண்டும், நடுநடுவே நின்று இளைப்பாறத் தட்டையான இடங்களும் வேண்டும். அந்தக் கூடத்தில் அவ்வளவு இடம் ஏது?

காது கேளாதவர்களுக்கும் படிக்கட்டு உதவாது. வரிசையாக ஒரே திசை பார்த்து உட்கார்ந்தால் பேசுபவரின் கையும் முகமும் தெரியாது. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகம் 2005 முதல் வளர்த்துவரும் வடிவமைப்பு நெறிகளில் இப்படி ஒருவரையொருவர் மறைவின்றிப் பார்க்கும் பார்வைக்கோடு முக்கியமானது. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டால் சைகைமொழிப் பேச்சு தடையில்லாமல் நடக்கும்.

நியூயார்க் நகரச் சதுக்கங்களை ஆராய்ந்த வில்லியம் வைட் ஒன்றைக் கவனித்தார்: நாற்காலி இருக்கும் இடம் பிடித்திருந்தாலும், உட்காருமுன் பலர் அதைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். யாரையும் தெரியாமல் முதல் வாரம் வந்து நிற்கும் மாணவருக்கு அந்தச் சின்ன உரிமை எவ்வளவு பெரிது! ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம், துணிவு வரும்போது கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்காலிக்கும் தொல்லை உண்டு. வழியில் கிடந்தால் வெள்ளைக்கோலுடன் வருபவர் இடறுவார். அதனால் நடைபாதையைத் தரையின் நிறத்திலும் சொரசொரப்பிலும் பிரித்துக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். பாதி நாற்காலிகளுக்குக் கைப்பிடி வேண்டும், முழங்கால் வலி உள்ளவர் ஊன்றி எழுவதற்கு.

படிக்கட்டுதான் வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: நடுப்படியில் லிஃப்டிலிருந்து நேராக வந்து சேரும் சமதள இடம் விடுங்கள், தோழிகள் பக்கத்திலேயே உட்காரும்படி.