கோத்தகிரி மலைப்பாதையில் நான்கு ஆண்டுகள்: ஒரு மின்காரின் இன்வெர்ட்டரும் கரன்ட் சென்சாரும்

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகளாக ஒரு மின்காரை ஓட்டி வருகிறேன். இதுவரை 52,000 கிலோமீட்டர் கடந்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்ப்பவன் நான். அதனால் ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைவிட, பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இந்த மலையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதையே முதல் நாளிலிருந்து கவனித்து வந்தேன்.

சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 7 யூனிட் மின்சாரம் தேவை. சாலை உராய்வும் காற்றுத் தடையும் தனி. இறங்கும்போது என் வண்டி மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே சமவெளியில் ஓடும் காருக்கு முந்திச் செல்லும்போது சில நொடிகள் மட்டும் வரும் பெரும் மின்னோட்டம், இங்கே வளைவுக்கு வளைவு, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது.

அந்த மின்னோட்டத்தைச் சுமப்பவை வட்டமான கம்பிகள் அல்ல, பஸ்பார் என்று நாம் சொல்லும் தட்டையான செம்புப் பட்டைகள். பேட்டரிப் பக்கத்தில் பாசிட்டிவ் பட்டையும் நெகட்டிவ் பட்டையும் மெல்லிய காப்புத் தாள் ஒன்றை மட்டும் இடையில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செல்லும். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்வதால், அந்தப் பாதையின் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, மிகவும் குறைந்துவிடுகிறது. அந்தத் தூண்டலில் 20 நானோஹென்றி மட்டுமே மிச்சமிருந்தாலும், ஒரு மைக்ரோ நொடியில் 3,000 ஆம்பியர் என்ற வேகத்தில் மின்னோட்டம் அறுபடும்போது 60 வோல்ட் கூடுதலாக எகிறி, சுவிட்ச் வேலை பார்க்கும் குறைகடத்தியின் மேல் விழும். பட்டைகளை இவ்வளவு நெருக்கமாக அமைப்பதற்குக் காரணம் இதுதான்.

மோட்டார் பக்கத்துப் பட்டையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள செம்புப் பட்டையின் மின்தடை 29 மைக்ரோ ஓம்; 300 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும், அவ்வளவுதான். ஆனால் அதே பட்டையின் முனையில் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இணைப்பில் 50 மைக்ரோ ஓம் சேர்ந்துவிட்டால், அந்தச் சிறிய இடத்தில் மட்டும் நாலரை வாட் வெப்பம் குவியும். எங்கள் தொழிற்சாலையில் இலை வாட்டும் மின்விசிறிகளின் பேனல் பழுதான நாட்களிலெல்லாம் கருகிக் கிடந்தது பட்டையின் நடுப்பகுதி அல்ல, போல்ட் போட்ட இடம்தான்.

கரன்ட் சென்சார் உட்கார்ந்திருப்பதும் அந்த இணைப்புக்கு அருகில்தான். மோட்டாரின் இழுவிசையை இன்வெர்ட்டர் நேரடியாக அளப்பதில்லை. மும்முனையின் ஒவ்வொரு முனையிலும், அதாவது ஒவ்வொரு ஃபேஸிலும், ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அதைக்கொண்டே இழுவிசையைக் கட்டுப்படுத்துகிறது. தொழிற்சாலைப் பேனலில் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. என்ற சிறு மின்மாற்றி இங்கே உதவாது. மின்னோட்டம் மாறினால்தான் அது காட்டும், கார் ஏற்றத்தில் நின்றபடி இழுக்கும்போது ஃபேஸில் ஓடுவதோ ஏறக்குறைய நேர்திசை மின்சாரம். மின்னோட்டப் பாதையிலேயே ஷன்ட் என்ற சிறு மின்தடையை வைத்து அதன் வோல்டேஜை அளக்கலாம், ஆனால் 100 மைக்ரோ ஓம் ஷன்ட்டில் 300 ஆம்பியர் ஓடினால் 9 வாட் வெப்பமாகப் போய்விடும். எனவே பட்டையைச் சுற்றி இடைவெளி விட்ட ஒரு காந்த வளையத்தை வைத்து, அந்த இடைவெளியில், காந்தப்புலத்தை உணரும் ஹால் சில்லைப் பொருத்துகிறார்கள். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது. மின்னோட்டத்தைத் தொடாமலேயே அளக்கும் இந்த அமைப்பிலும் ஒரு பலவீனம் உண்டு: சூடு ஏறினால் சில்லின் பூஜ்ஜியம், அதாவது மின்னோட்டமே இல்லாதபோது அது காட்டும் அளவு, நகரும். பட்டையின் வெப்பமே சென்சாரின் பிழையாகிறது என்பதால், பட்டை வடிவமைப்பையும் சென்சாரையும் தனித்தனியாக மதிப்பிடுவது தவறு என்பதே என் அனுபவம்.

இரண்டாம் ஆண்டின் கோடையில் அந்தப் பிழையை நேரில் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு லாரியின் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டியிருந்தது. பாட்டிலில் பாதியளவு இருந்த தண்ணீரின் மேற்பரப்பில் நுண்ணிய வளையங்கள் எழுந்தன. ஸ்டியரிங்கிலும் ஒரு நடுக்கம். வேகம் கூடியதும் மறைந்தது, குறைந்ததும் திரும்பியது. குஞ்சப்பனையில் காரை அணைத்துவிட்டுத் தேநீர் குடித்து, மீண்டும் கிளப்பியபோது நடுக்கம் அடியோடு இல்லை.

அணைத்துப் போட்டதும் சரியானதில்தான் விடை இருந்தது. காரைக் கிளப்பும் கணத்தில், மோட்டாருக்கு மின்சாரம் போகாத நிலையில் சென்சார் காட்டும் அளவையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்வது பல இன்வெர்ட்டர்களின் வழக்கம். அடிவாரத்தில் எடுத்துக்கொண்ட பூஜ்ஜியம், ஏற்றத்தில் பட்டை கொதிக்கும்போது பொருந்தாமல் போயிருக்கிறது. ஒரு ஃபேஸின் பூஜ்ஜியம் விலகினால், மின்னோட்டத்தின் அதிர்வெண்ணிலேயே இழுவிசை ஏறி இறங்கும். என் காரின் பல்சக்கர விகிதத்துக்கு, மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 15 முறை, உடம்புக்குத் தெளிவாகத் தெரியக்கூடிய நடுக்கம்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை சாலை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் என்னை உண்மையாகவே வருத்தியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும் வண்டி இது. மூன்றாம் முறை, மலையேறி வந்த சூட்டோடு காரை அணைக்காமலே சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். கணினியை இணைத்த இளைஞர், கியரை நியூட்ரலில் வைத்து மூன்று ஃபேஸ்களின் அளவையும் பார்த்தார். மோட்டாருக்கு மின்சாரமே போகாத நிலையில் இரண்டு ஃபேஸ்கள் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றன. மூன்றாவது 3 ஆம்பியர் காட்டியது. "நீங்க சொன்னது சரிதாங்க சார்" என்றார். மூடியைக் கழற்றியபோது அந்த ஃபேஸின் போல்ட்டைச் சுற்றி மட்டும் செம்பு பழுப்பேறியிருந்தது. வாரன்ட்டியில் இன்வெர்ட்டரை முழுமையாக மாற்றித் தந்தார்கள். அதன் பிறகு இரண்டு கோடைகள் கடந்தும் நடுக்கம் வரவில்லை.

புதிய இன்வெர்ட்டரிலும் நான் தவிர்க்கும் பழக்கம் ஒன்று உண்டு: ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்திப் பிடிப்பது. மோட்டார் சுழலாமல் நிற்பதால் மின்னோட்டம் மூன்று ஃபேஸ்களுக்கும் மாறி மாறிப் போவதில்லை. ஒரே ஃபேஸ் உச்ச அளவைத் தொடர்ந்து சுமக்க, அதன் பட்டையும் குறைகடத்தியும் மட்டும் சூடேறுகின்றன. பிரேக்கில் நின்றுவிட்டால் அந்தச் சுமையே இல்லை. இன்வெர்ட்டரின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் வசதி என் காரில் இல்லை. மலைப்பகுதியில் ஓட்டுபவர்களுக்கு, மிச்சமுள்ள கிலோமீட்டரைவிட அந்த எண்தான் அதிகம் பயன்படும்.