மியூஸ்ஸ்கோரில் கண்ட நடை: நான்கு வருடப் பழக்கம்

கல்லடியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வயலின் பழகும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பதற்காக, கூத்து மத்தளச் சொற்கட்டுகளை (மத்தள அடிகளை வாயால் சொல்லும் தாளச் சொற்களை) மேலைத்தேயச் சுரக்குறிப்பில் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இலவசம் என்பதற்காகத்தான் சுரக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரை இறக்கினேன். இன்றும் அதில்தான் எழுதுகிறேன்.

'தகதகிட' என்ற ஐந்தை ஓர் அட்சரத்துக்குள் (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்குள்) அடக்க, அதாவது கண்ட நடையை எழுத, தெரியாமல் முதல் மாதம் திண்டாடினேன். ஐந்து செமிகுவேவர்களை (கால் அட்சரச் சுரங்களை) தட்டிவிட்டு, பிறகு மேலே '5' போட வழி தேடினேன். ஐந்தாவது சுரம் அடுத்த அட்சரத்தில் போய் உட்கார, பின்னால் வந்தவை எல்லாம் தள்ளிப்போயின. பிழை என்னுடையதுதான். மொத்தக் காலத்தை முதலில் காட்ட வேண்டும்: ஒரு குரொட்செட்டை (ஓர் அட்சரச் சுரத்தை) தேர்ந்து கன்ட்ரோலையும் 5-ஐயும் அழுத்தினால் ஐந்து இடங்கள் திறக்கும், நிரப்ப வேண்டியதுதான். கையில் தாளத்தைப் போட்டுக்கொண்டு நடையைப் பிரி என்று பிள்ளைகளை அதட்டுகிறவனுக்கு இது உறைக்க ஒரு மாதம்!

மற்ற நடைகளுக்கு எண்ணை மாற்றினால் போதும்: திஸ்ரத்துக்கு 3, மிஸ்ரத்துக்கு 7, சங்கீர்ணத்துக்கு 9. டியூப்லெட்டுக்குள் (இப்படி எண் போட்டுப் பிரித்த தொகுதிக்குள்) ஒரு சுரத்தைத் தேர்ந்து மறுபடி 3 கொடுத்தால் நடைக்குள் நடையும் வரும்.

இடிப்பது தீர்மானத்தில்தான், அதாவது முடிப்புச் சொற்கட்டில்தான். இரண்டு அட்சரத்தில் ஐந்து சுரம், நடுவில் சமம் (தாளச் சுற்றின் முதல் அட்சரம்) விழுகிறது என்று வையுங்கள். மியூஸ்ஸ்கோரில் டியூப்லெட், சுற்றுகளைப் பிரிக்கும் செங்குத்தான 'பார்' கோட்டைத் தாண்டாது. டொரிக்கோ என்ற இன்னொரு மென்பொருளில் தாண்டும், ஆனால் அதன் முழுப் பதிப்புக்குக் காசு வேண்டும். நான் செய்வது இது: கோட்டுக்கு இரு புறமும் ஒவ்வோர் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கிறேன். முதல் அட்சரத்தில் இரண்டு குவேவர் (ஒவ்வொன்றும் இரண்டு செமிகுவேவர் நீளம்), ஒரு செமிகுவேவர். அந்தச் செமிகுவேவரை மறுபுறத்துச் செமிகுவேவரோடு டை (ஒரே சுரமாக நீட்டும் வளைகோடு) போட்டு இணைத்து, பின்னால் இரண்டு குவேவர். கேட்கும்போது ஐந்தும் சமமாகவே விழுகின்றன. தாளில் மட்டும் கண்ணைக் குத்தும்.

அதனால் இப்போது சுரங்களுக்குக் கீழே, பாட்டு வரி எழுதும் இடத்தில், சொல்லையும் எழுதிவிடுகிறேன். மேலே 5 என்று கண்டதும் விழிக்கும் பிள்ளை, 'த க த கி ட' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வில்லைப் போட்டுவிடுகிறது. சில தாள்களில் அந்த எண்ணையே மறைத்துத்தான் அச்சிடுகிறேன்.