பத்து வயதுப் பிள்ளைக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு

பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கி, தானே நடத்தக்கூடிய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை, மிதிவண்டி வாங்கும் இலக்குடன் எங்கள் மகளுக்காகத் தேர்ந்தெடுத்தோம். பழைய செய்தித்தாள்களைக் கட்டி எடைக்குப் போடுவது அவள் பொறுப்பு. கிடைக்கும் தொகையும் அவளுடையதே.

தொடங்குவதற்கு 500 ரூபாய் வேண்டும். அதன்பின் 10 ரூபாய்கூடச் செலுத்தலாம் என்பதே சிறுவர்களுக்குப் பெரும் வசதி. ஆண்டு வட்டி 4 சதவீதம்தான் என்றாலும், மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள் வரையுள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், பணத்தை என்று போடுவது, என்று எடுப்பது எனப் பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது. மண் உண்டியல் இதைக் கற்றுத்தராது. பாஸ்புக்கில் வட்டி வரவாகும் வரியைக் காட்டி விளக்குவது எந்தப் பாடத்தையும்விட எளிது.

குறைகளும் உண்டு. குறைந்தபட்ச இருப்பான 500 ரூபாயை எடுக்க இயலாது என்பதால், அதைச் சேமிப்பில் சேர்க்காமல் இலக்கைக் கணக்கிட வேண்டும். அஞ்சலகம் திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் பள்ளி நேரமாகவே அமைந்துவிடுகிறது. மாதந்தோறும் குறைந்தது 100 ரூபாய் கட்டிவரும் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு (RD) வட்டி கூடுதல்தான். ஆயினும் அதன் ஐந்தாண்டுக் காலம், அடுத்த கோடைக்குள் மிதிவண்டி கேட்கும் பிள்ளைக்குப் பொருந்தாது.